சோயாவில் மகசூல் கூடியது, புரதம் ஏன் குறைந்தது?

குழம்பில் போடும் மீல் மேக்கர், நாமக்கல் கோழிப்பண்ணைகளில் மக்காச்சோளத்தோடு தீவனத்தில் சேரும் சோயாப் புண்ணாக்கு, மளிகைக் கடையில் பாக்கெட்டில் விற்கும் சோயா எண்ணெய் ஆகிய மூன்றும் ஒரே விதையிலிருந்து வருபவை. விதையைத் தட்டையாக நசுக்கி, கரைப்பான் ஊற்றி எண்ணெயை எடுத்த பிறகு மிஞ்சும் மாவில்தான் புரதம் இருக்கிறது. உலர்ந்த சோயா விதையில் சுமார் 40 சதவீதம் புரதம், 20 சதவீதம் எண்ணெய். நிலக்கடலையில் எண்ணெய் இதைவிட அதிகம், ஆனால் புரதம் 25 சதவீத அளவில் நின்றுவிடும். உலகம் பெரும் பரப்பில் விளைவிக்கும் பயிர்களில் இவ்வளவு புரதம் உள்ள விதை வேறு இல்லை. சோயாவின் பெருமையே அந்தப் புரதம்தான்.

அந்தப் புரதம்தான் குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

இதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு 2014-ல் அமெரிக்காவில் வெளியானது. 1923 முதல் 2008 வரை வெளியிடப்பட்ட ரகங்களைச் சேகரித்து, எல்லாவற்றையும் ஒரே வயல்களில் பக்கத்தில் பக்கத்தில் விதைத்துப் பார்த்தார்கள். மண், மழை, உரம் எல்லாம் பொதுவாக இருப்பதால், தெரியும் வித்தியாசம் பெரும்பாலும் மரபின் வித்தியாசம். புதிய ரகங்கள் பழையவற்றைவிட அதிகம் விளைந்தன. சராசரியாக ஆண்டுக்கு ஹெக்டேருக்கு இருபது கிலோவுக்குச் சற்று மேல் என்ற வேகத்தில் மகசூல் ஏறியிருந்தது. செடிகள் குட்டையாகியிருந்தன, சாய்வது குறைந்திருந்தது, எண்ணெய் கொஞ்சம் கூடியிருந்தது. புரதம் மட்டும் இறங்கியிருந்தது.

புரதத்தைக் குறைப்போம் என்று எந்தப் பயிர் ஆய்வாளரும் கிளம்பியிருக்க மாட்டார். அவர்கள் மகசூலைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள், புரதம் தானாக இறங்கியது. இது தற்செயலா, கவனக்குறைவா, அல்லது செடிக்குள்ளேயே இருக்கும் ஒரு கட்டாயமா என்பது சோயா மரபியலின் பழைய கேள்விகளில் ஒன்று. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்பதுதான் இப்போது கிடைத்திருக்கும் பதில்.

ஒரு கிராம் சர்க்கரைக்கு எவ்வளவு விதை?

மரபணுவுக்குப் போவதற்கு முன் செடியின் செலவுக் கணக்கைப் பார்த்துவிடலாம். இலை வெயிலில் தயாரிப்பது சர்க்கரை. அதைக் கொண்டுதான் மாவுச்சத்து, புரதம், எண்ணெய் எல்லாவற்றையும் செடி செய்துகொள்ள வேண்டும். ஒரு கிராம் குளுக்கோஸைக் கொடுத்தால் ஏறத்தாழ 0.8 கிராம் மாவுச்சத்து கிடைக்கும். புரதமாக மாற்றினால் 0.4 கிராம் அளவுதான் வரும். எண்ணெயாக மாற்றினால் அதிலும் குறைவு, மூன்றில் ஒரு பங்கு. நெல்லும் கோதுமையும் ஹெக்டேருக்கு ஐந்தாறு டன் சாதாரணமாகக் கொடுக்கும் இடத்தில் சோயா மூன்று டன்னைத் தாண்டுவதற்கே திணறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சோயாச் செடி சோம்பேறி இல்லை, அது தயாரிக்கும் சரக்கு விலை கூடிய சரக்கு.

சர்க்கரைச் செலவோடு முடியவில்லை. புரதத்துக்கு நைட்ரஜன் வேண்டும். ஒரு டன் சோயா விளைய, செடி சுமார் 80 கிலோ நைட்ரஜனை எடுத்துக்கொள்கிறது. ஒரு டன் நெல்லுக்கு அதில் கால் பங்கு போதும். வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் பாக்டீரியா காற்றிலிருந்து பிடித்துத் தருவது ஏறத்தாழ பாதி, மீதி மண்ணிலிருந்து வர வேண்டும். பாக்டீரியாவும் சும்மா தருவதில்லை, அதற்கும் செடி சர்க்கரை கொடுத்தாக வேண்டும்.

விதை பிடிக்கும் கடைசி வாரங்களில் இந்தத் தேவை வேரால் கொடுக்க முடிந்த அளவைத் தாண்டிவிடுகிறது. அப்போது செடி தன் இலைகளில் இருக்கும் புரதத்தைப் பிரித்து விதைக்கு அனுப்பத் தொடங்கும். இலை மஞ்சளாகும், ஒளிச்சேர்க்கை குறையும், அதனால் விதைக்கு வரும் சர்க்கரையும் குறையும், செடி காய்ந்து முடியும். 1970-களின் நடுவில் சின்க்ளேர், டி விட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைக் கணக்குப் போட்டுக் காட்டி, சோயா தன்னைத் தானே அழித்துக்கொண்டு விதை கட்டும் செடி என்று வாதிட்டார்கள். விவரங்களில் பின்னால் பலர் வேறுபட்டாலும் அடிப்படை நிற்கிறது. விதையில் புரத சதவீதத்தை ஏற்றினால், அதே செடி, அதே நாள் கணக்கில், குறைந்த எடை விதையைத்தான் கொடுக்க முடியும்.

சரி, அப்படியென்றால் இது இயற்பியல் விதி மாதிரி ஆகிவிட்டதே, மரபணுவுக்கு இதில் என்ன வேலை? செடி தன் சர்க்கரையை எதற்கு எவ்வளவு ஒதுக்குகிறது என்பதை முடிவு செய்யும் இடங்கள் குரோமோசோம்களில் இருக்கின்றன. அவற்றில் இரண்டு இடங்கள் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியவை.

இருபதாவது குரோமோசோமில் ஒரு செருகல்

1992-ல் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வயல் சோயாவையும் காட்டு சோயாவையும் கலப்பினம் செய்து, சந்ததிகளில் எந்தெந்தக் குரோமோசோம் துண்டு எந்தப் பெற்றோரிடமிருந்து வந்தது என்று அடையாளக் குறிகளை வைத்துப் பின்தொடர்ந்தார்கள். காட்டு சோயாவிலிருந்து வந்த ஒரு துண்டு இருந்தால் புரதம் தெளிவாகக் கூடியது. அந்தத் துண்டு இருந்த இடம், இப்போதைய எண்ணிக்கையில், 20-வது குரோமோசோம். அதன்பின் உலகம் முழுவதும் வெவ்வேறு பெற்றோர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப அதே இடம் தலைகாட்டியது. அமெரிக்க விதைச் சேகரிப்பில் உள்ள பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சோயா வகைகளை 2015-ல் அலசியபோதும் 15, 20 ஆகிய இரண்டு குரோமோசோம்கள்தான் புரதத்துக்கும் எண்ணெய்க்கும் முன்னால் வந்து நின்றன.

ஆனால் இடம் தெரிவது வேறு, மரபணு தெரிவது வேறு. அந்தத் துண்டுக்குள் எது உண்மையான காரணம் என்று பிரித்தெடுக்க முப்பது ஆண்டுகள் ஆயின. 2022-ல்தான் இரண்டு தனித்தனி ஆய்வுக் குழுக்கள் ஒரே மரபணுவில் வந்து நின்றன. அதில் ஒரு குழு வைத்த சுருக்கப் பெயர் ‘பவர்1’. புரதம், எண்ணெய், எடை மூன்றையும் ஆளும் மரபணு என்பதன் சுருக்கம் அது. பெயரிலேயே கதை இருக்கிறது.

காட்டு சோயாவில் இந்த மரபணு முழுதாக இருக்கிறது. வயலில் நாம் விளைவிக்கும் பெரும்பாலான ரகங்களில், மரபணுவின் முக்கியமான பகுதிக்குள் 321 டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள ஓர் அந்நியத் துண்டு செருகியிருக்கிறது. அது ஒரு தாவும் மரபணுத் துண்டு. குரோமோசோமில் இடம்விட்டு இடம் தாவும் பழக்கமுள்ள இவை ஏறக்குறைய எல்லா உயிர்களிலும் உண்டு. எப்போதோ ஒரு நாள், கிழக்கு ஆசியாவில் ஒரு செடியில், அது இந்த மரபணுவுக்குள் போய் விழுந்திருக்கிறது. விளைவாக எண்ணெய் கூடியது, விதை கனத்தது, புரதம் குறைந்தது. மூன்றும் ஒரே செருகலின் விளைவுகள்.

அன்றைய உழவருக்குப் புரதத்தை அளக்கவா தெரியும்? கண்ணுக்குத் தெரிந்தது பெரிய விதை. பெரிய விதையை எடுத்து அடுத்த பருவத்துக்கு வைத்தார், கூடவே அந்தச் செருகலும் வந்தது. காட்டு சோயாவின் 100 விதைகள் எடை போட்டால் ஒன்றிலிருந்து மூன்று கிராம்தான் வரும், கறுப்பாக, மிளகைவிடச் சிறியதாக இருக்கும். வயல் சோயா பொதுவாக 10 கிராமுக்கு மேல், பல ரகங்கள் 15 முதல் 20 கிராம். பச்சைக் காயாக வேகவைத்துத் தின்னும் ஜப்பானிய ரகங்கள் 30 கிராமையும் தாண்டும். இந்த வளர்ச்சி முழுவதும் ஒரே மரபணுவால் வந்ததில்லை. ஆனால் இந்தச் செருகல் அதில் ஒரு பங்கு வகித்தது, அதற்கு விலையாகப் புரதத்தைக் கொடுத்தது. ஆக, 1923-க்குப் பிந்தைய அமெரிக்க ஆய்வாளர்கள் தொடங்கிவைத்த கதை அல்ல இது. அவர்கள் செய்தது, பல ஆயிரம் ஆண்டுகளாக ஒரே திசையில் ஓடிக்கொண்டிருந்த வண்டியை இன்னும் கொஞ்சம் தள்ளியதுதான்.

15-வது குரோமோசோமில் இருப்பது வேறு மாதிரியான மரபணு. ‘ஸ்வீட்’ குடும்பத்தைச் சேர்ந்த சர்க்கரைக் கடத்தி அது. விதையில், தோல் என்பது தாய்ச்செடியின் உடம்பு, உள்ளே இருக்கும் பருப்பு அடுத்த தலைமுறை. இருவருக்கும் நடுவில் குழாய்த் தொடர்பு கிடையாது. தாய் அனுப்பும் சர்க்கரை விதைத்தோலில் வந்து நின்று, அங்கிருந்து வெளியே விடப்பட்டு, கரு அதை உறிஞ்சிக்கொள்ள வேண்டும். ஸ்வீட்10ஏ என்ற மரபணு செய்யும் புரதம் அந்த இடத்தில் வாய்க்கால் மடை போல நிற்கிறது. மடை அகலமாகத் திறந்தால் கருவுக்குச் சர்க்கரை அதிகம் பாயும். சர்க்கரை மிகுந்தால் எண்ணெய் கூடும், விதை பெருக்கும், நைட்ரஜன் அதே அளவில் நிற்பதால் புரத சதவீதம் இறங்கும். 2020-ல் சீன ஆய்வாளர்கள் இதையும் இதன் இரட்டையான ஸ்வீட்10பி-யையும் பற்றி எழுதியபோது ஒரு சுவாரசியமான விஷயம் சொன்னார்கள். முதலாவதன் நல்ல வடிவம் வயல் ரகங்களில் கிட்டத்தட்ட முழுதாகப் பரவிவிட்டது. இரண்டாவதில் தேர்வு இன்னும் முடியவில்லை, நடந்துகொண்டிருக்கிறது.

இந்த வரிசையில் எனக்குப் பிடித்தது பூச்சு மரபணு. காட்டு சோயாவின் விதைமேல் சாம்பல் தூவினாற்போல் ஒரு படலம் இருக்கும். காயின் உட்சுவரில் உருவாகி விதையில் ஒட்டிக்கொள்ளும் அது, மண் நிறத்தோடு விதையை மறைத்துக் காப்பாற்றுகிறது. ஆனால் மனிதருக்கு ஒவ்வாமை தரும் புரதம் அதில் உண்டு. பளபளப்பான விதையை மக்கள் விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள். 2018-ல் தெரியவந்தது என்னவென்றால், அந்தப் படலத்தை நிறுத்திய மாற்றமே விதையில் எண்ணெயையும் ஏற்றியிருக்கிறது. மினுமினுப்புக்காக எடுத்தார்கள், எண்ணெய் இனாமாக வந்தது.

விதை பெருத்தால் மகசூல் கூடுமா?

கூடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். கணக்கும் அப்படித்தான் சொல்கிறது. செடிகளின் எண்ணிக்கை, செடிக்குக் காய்கள், காய்க்கு விதைகள், ஒரு விதையின் எடை ஆகிய நான்கையும் பெருக்கினால் மகசூல். ஒன்றை ஏற்றினால் பெருக்கல் ஏற வேண்டும். செடி அப்படி நடந்துகொள்வதில்லை. ஒன்றை ஏற்றினால் இன்னொன்றை இறக்கிக்கொள்கிறது.

நல்ல உதாரணம் குறுகிய இலை மரபணு. இதன் ஒரு வடிவம் இலையை ஒடுக்கி, காய்க்கு நான்கு விதைகள் வரும்படி செய்கிறது. சாதாரணச் சோயாக் காயில் இரண்டோ மூன்றோதான். 2012-ல் கொரிய ஆய்வாளர்கள் காட்டியபடி, ஒரே மரபணுவில் ஒரே எழுத்து மாறியதால் வந்த வித்தியாசம் இது. இலையையும் காயையும் அதே மரபணு வடிவமைக்கிறது. நான்கு விதைக் காய் என்றதும் மகசூல் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும் என்று நினைக்கலாம். மற்ற மரபு எல்லாம் ஒன்றாக வைத்து, இலை வடிவத்தில் மட்டும் வேறுபட்ட இணைகளை வயலில் ஒப்பிட்டபோது அப்படி நிலையான லாபம் எதுவும் கிடைக்கவில்லை. காயில் விதை கூடியது, ஆனால் காய்களின் எண்ணிக்கையோ விதையின் எடையோ குறைந்தது.

சோயாவில் பூப்பதில் பாதியோ அதற்கு மேலோ காயாகாமல் உதிர்ந்துவிடும். பூத்ததிலிருந்து காயில் விதை திரளத் தொடங்கும் வரையிலான சில வாரங்களில், கையில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று பார்த்துத்தான் செடி எத்தனை விதையை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்கிறது. அதனால் வயலுக்கு வயல், ஆண்டுக்கு ஆண்டு மகசூல் ஏறி இறங்குவதற்கு விதை எண்ணிக்கையே முக்கியக் காரணம். விதை எடை அந்த அளவுக்கு ஆடுவதில்லை, அது பெரும்பாலும் ரகத்தின் மரபோடு வருவது. பருப்பில் எத்தனை செல்கள் இருக்கும் என்பது ஆரம்பத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது, அப்புறம் நடப்பது அந்தச் செல்களை நிரப்பும் வேலைதான். எனவேதான் நாட்டோ என்ற ஜப்பானியப் புளித்த சோயா உணவு செய்ய உகந்த பொடி விதை ரகமும், சோயாப் பனீரான டோஃபுவுக்கு ஏற்ற பெரிய விதை ரகமும் மகசூலில் நெருங்கி வர முடிகிறது. விதை அளவு என்பது சந்தையின் விருப்பம், மகசூலின் அளவுகோல் இல்லை.

இருந்தும் விதை எடையின் மரபணுக்களைத் தேடுவதை யாரும் நிறுத்தவில்லை. நிறுத்தவும் வேண்டாம். 2017-ல் சீனாவில் ஒரு காட்டு சோயாவிலிருந்து விதை எடையைக் கூட்டும் மரபணு வடிவம் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பொடி விதைச் செடியிடம் விதையைப் பெருக்க வைக்கும் மரபணு! பல வயல் ரகங்கள் அதை வழியில் தொலைத்திருந்தன.

மகசூலை மரபணு அளவில் பிடிப்பது ஏன் கடினம் என்பதற்கு வேறு காரணமும் உண்டு. புரதத்தையும் எண்ணெயையும் அகச்சிவப்பு ஒளிக்கருவியில் விதையை உடைக்காமலேயே ஒரு நிமிடத்துக்குள் அளந்துவிடலாம், ஊர் மாறினாலும் ரகங்களின் வரிசை பெரிதாக மாறாது. மகசூல் அப்படியில்லை. ஒரு வயலில் முதலாவது வந்த ரகம் அடுத்த மாவட்டத்தில் பத்தாவது வரும். பல இடங்களில், பல ஆண்டுகள், பெரிய பாத்திகளில் போட்டுப் பார்த்தாக வேண்டும். அதற்குக் காரணமான மரபணுக்களும் நூற்றுக்கணக்கில், ஒவ்வொன்றும் இத்துனூண்டு விளைவோடு சிதறிக் கிடக்கின்றன.

நாள்காட்டியை வாசிக்கும் செடி

நூற்றுக்கணக்கான சிறு மரபணுக்களுக்கு நடுவே மகசூலைப் பெரிதாக அசைப்பவை சில உண்டு. அவை விதைக்கு நேராக எதையும் செய்வதில்லை. எப்போது பூக்க வேண்டும் என்று சொல்பவை அவை.

அமெரிக்க வேளாண் துறையில் வேலை செய்த கார்னர், அல்லார்ட் இருவரும் ‘பிலாக்சி’ என்ற சோயா ரகத்தை வெவ்வேறு தேதிகளில் விதைத்தார்கள். முந்தி விதைத்ததும் பிந்தி விதைத்ததும் ஏறக்குறைய ஒரே சமயத்தில், செப்டம்பரை ஒட்டிப் பூத்தன. வயதைப் பார்த்துப் பூக்கவில்லை, பகல் நேரம் குறைவதைப் பார்த்துப் பூத்தன. 1920-ல் இதையும் புகையிலையில் கண்டதையும் சேர்த்து அவர்கள் எழுதியதுதான் செடிகள் பகல் நீளத்தை அளக்கின்றன என்ற கண்டுபிடிப்பின் தொடக்கம்.

இந்த அளவீட்டை நடத்தும் மரபணுக்களில் பல இப்போது தெரியும். இ1 நீண்ட பகலில் பூப்பதைத் தடுத்து வைக்கிறது. இ3, இ4 இரண்டும் ஒளியை உணரும் புரதங்களைச் செய்பவை. இவற்றில் எது வேலை செய்கிறது, எது பழுதாகி நிற்கிறது என்ற சேர்க்கைதான் ஒரு ரகம் கனடாவுக்கா டெக்சாசுக்கா என்று தீர்மானிக்கிறது. வட அமெரிக்காவில் சோயா ரகங்களைப் பதின்மூன்று முதிர்ச்சிக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறுகிய அட்சரேகைப் பட்டையை ஒதுக்கியிருக்கிறார்கள். பட்டை மாறினால் உயர் ரகமும் உதவாது.

பிரேசில் இந்தச் சிக்கலை எதிர்ப்பக்கத்திலிருந்து சந்தித்தது. பூமத்தியரேகைப் பக்கம் பகல் எப்போதும் குட்டை. அங்கே வடக்கத்தி ரகத்தை விதைத்தால் ஒரு மாதத்தில், முழங்கால் உயரம்கூட வராமல் பூத்துவிடும். நாலு காய் பிடித்து ஓய்ந்துவிடும். குறைந்த பகலிலும் பூப்பதைத் தள்ளிப்போடும் தன்மையை ரகங்களில் சேர்த்த பிறகுதான் நடுப் பிரேசிலின் செர்ராடோ புல்வெளிகள் சோயாக் காடாயின். அதன் பின்னால் இருக்கும் ஜே மரபணு எது என்பது 2017-ல்தான் உறுதியானது. அதற்கு வெகு காலம் முன்பே அரசு நிறுவனமான எம்ப்ராபாவும் மற்ற ஆய்வாளர்களும் அந்தத் தன்மையை வயலில் பார்த்தே தேர்ந்தெடுத்துப் பரப்பிவிட்டார்கள். பெயர் தெரியாத மரபணு ஒரு நாட்டின் ஏற்றுமதியை மாற்றியது. மண்ணின் அமிலத்தைச் சுண்ணாம்பு போட்டுச் சரிசெய்ததும் வேர் பாக்டீரியாவும் சேர்ந்துதான் அது நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

தண்டின் நுனி பூத்ததும் வளர்ச்சியை நிறுத்துமா, தொடர்ந்து வளருமா என்பதை முடிவு செய்யும் டிடி1 மரபணுவும் இதே வகைதான். நிறுத்திக்கொள்ளும் குட்டைச் செடிகளை உழவர்கள் தேடித் தேடி எடுத்திருக்கிறார்கள். நான்கு தனித்தனி எழுத்து மாற்றங்கள், நான்கு வெவ்வேறு சந்தர்ப்பங்களில், அதே பலனுக்காகத் தேர்வாகியிருக்கின்றன.

இந்தியாவில் சோயா மகசூல் ஹெக்டேருக்கு ஒரு டன்னைச் சுற்றியே பல ஆண்டுகளாக நிற்கிறது. அமெரிக்காவும் பிரேசிலும் மூன்று டன்னுக்கு மேல். நம் ரகங்கள் மட்டம், நல்ல மரபணு வேண்டும் என்று இதைச் சுருக்கிவிடுவது வழக்கம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. மத்தியப் பிரதேசத்தின் மால்வா கரிசலில் பருவமழை இறங்கிய பிறகு ஜூன் கடைசியில் விதைத்து, ஈரம் போவதற்குள், அடுத்த கோதுமைக்கு நிலம் விட்டு, அக்டோபருக்குள் அறுக்க வேண்டும். ரகத்துக்குக் கிடைப்பது 85 முதல் 100 நாள். அமெரிக்க மத்திய மேற்கில் 120 நாளுக்கு மேல். இலை வெயில் வாங்கும் நாள்களே குறைவாக இருக்கும்போது, எந்த மரபணுவும் மூன்று டன்னைக் கொண்டுவந்து கொட்டாது. இடையில் மழை இரண்டு வாரம் நின்றுவிட்டால் இருப்பதும் போகும்.

கிடங்கில் சாகும் விதை

நம் நாட்டில் விதைக் குணம் மகசூலை வேறொரு வழியில் பிடித்து இழுக்கிறது. அதைப் பற்றி வெளிநாட்டு ஆய்வுகளில் அதிகம் பேச்சு இருக்காது.

அக்டோபரில் அறுத்த சோயா விதையை மறு ஜூன் வரை, நடுவில் ஒரு முழுக் கோடையைத் தாண்டி, வைத்திருக்க வேண்டும். சோயா விதையின் தோல் மெல்லியது, முளைவேர் தோலுக்கு நேர் கீழே துருத்திக்கொண்டு கிடக்கிறது. கதிரடிக்கும்போது பட்ட அடி வெளியே தெரியாது, விதைத்தால் முளைக்காது. விதையில் இருக்கும் எண்ணெயும் வெக்கையில் கெட்டு செல்களைப் பாழாக்கும். இந்தியாவில் பல பயிர்களுக்கு விதைச் சான்றுக்கான குறைந்தபட்ச முளைப்புத்திறன் 75, 80 என்று இருக்க, சோயாவுக்கு 70 சதவீதம் என்று இறக்கி வைத்திருப்பதன் காரணம் இதுதான்.

விதை பெரிதானால் இந்தச் சிக்கல் கூடும், பொடி விதை நன்றாகத் தாங்கும். மத்திய இந்தியாவில் நெடுங்காலமாக இருந்த ‘காளிதூர்’ என்ற கறுப்பு நாட்டுச் சோயா சிறு விதை, கெட்டித் தோல். கோடையைச் சாதாரணமாகத் தாண்டும். 1960-களின் பிற்பகுதியில் ‘பிராக்’ போன்ற அமெரிக்க மஞ்சள் ரகங்கள் ஜபல்பூர், பந்த்நகர் வழியாக வந்தபோது மகசூல் கூடியது, முளைப்பு தகராறு செய்தது. ஜபல்பூர் வேளாண் பல்கலைக்கழகத்திலிருந்து 1994-ல் வந்த ஜேஎஸ் 335 நடுத்தர விதை ரகம். கால் நூற்றாண்டுக்கு அது நாட்டின் சோயா வயல்களை ஆண்டதில் மகசூலுக்கு எவ்வளவு பங்கோ, மறு வருடம் முளைத்ததற்கும் அவ்வளவு பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

கறுப்பும் மஞ்சளும் வெறும் நிறமில்லை. கறுப்புத் தோலில் நிறமிகளும் அவற்றோடு தொடர்புடைய பொருள்களும் சேர்ந்து தோலைக் கெட்டியாக்குகின்றன. மஞ்சள் விதையில் அந்த நிறமிப் பாதையின் முதல் படியே அணைக்கப்பட்டிருக்கிறது. 8-வது குரோமோசோமில் நிறமி மரபணு பல பிரதிகளாகத் தலைகீழாக இரட்டித்ததால், செடியே தன் மரபணுவை வாயடைத்துவிடுகிறது. சந்தைக்கு மஞ்சள்தான் வேண்டும், கிடங்குக்குக் கறுப்பு பொருந்தும்.

தொந்தரவில்லாத வெற்றிகள்

எல்லாமே இப்படி ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கும் பேரம்தானா என்றால், இல்லை. எண்ணெயின் அளவை விட்டுவிட்டு அதன் தன்மையை மட்டும் மாற்றும் இடங்களில் வேலை சுலபமாக நடந்திருக்கிறது.

சாதாரண சோயா எண்ணெயில், சீக்கிரம் கெடாத ஒலீயிக் அமிலம் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போகாது. எளிதில் கெடும் அமிலங்கள்தான் மிகுதி. அதனால்தான் முன்பு அதை ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டிப்படுத்தினார்கள், அதில் டிரான்ஸ் கொழுப்பு வந்தது. ஒலீயிக்கை அடுத்த அமிலமாக மாற்றும் வேலையை விதையில் ஃபேட்2-1ஏ, ஃபேட்2-1பி என்ற இரட்டை மரபணுக்கள் செய்கின்றன. சோயாவின் முன்னோர் ஒரு காலத்தில் தன் குரோமோசோம் தொகுதியையே இரட்டித்துக்கொண்டது. 2010-ல் வெளியான ‘வில்லியம்ஸ் 82’ ரகத்தின் முழு மரபணு வரைபடம் காட்டியபடி, சோயாவின் நாற்பத்தாறாயிரம் மரபணுக்களில் முக்கால்வாசிக்கு ஒன்றுக்கு மேல் பிரதி உண்டு. ஒன்று பழுதானால் மற்றது வேலையைத் தொடரும். அதனால் பல காலம் யாருக்கும் பெரிய மாற்றம் கிடைக்கவில்லை. மிசௌரியில் ஆய்வாளர்கள் இரண்டு பிரதிகளிலும் பழுதான வடிவங்களைத் தேடிப்பிடித்து ஒரே செடியில் சேர்த்ததும் ஒலீயிக் 80 சதவீதத்தை எட்டியது. அதே இரண்டு மரபணுக்களை மரபணுத் திருத்தத்தால் நிறுத்தி எடுத்த எண்ணெய் 2019-ல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது.

இந்தூரில் உள்ள சோயா ஆராய்ச்சி நிறுவனம் செய்ததும் இந்த வகைதான். பச்சைச் சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் குனிட்ஸ் புரதம் இருக்கிறது, வேகவைத்துத்தான் அதைப் போக்க வேண்டும். அது இல்லாத என்ஆர்சி 127, அதோடு சோயாவின் பச்சை வாடைக்குக் காரணமான ஒரு நொதியும் இல்லாத என்ஆர்சி 142 ஆகியவை வந்திருக்கின்றன. ஒற்றை மரபணு விஷயம் என்பதால் நாற்றின் ஒரு துண்டு இலையைச் சோதித்தே எந்தச் செடியை வைப்பது என்று சொல்லிவிடலாம். மகசூலுக்கு இந்த வசதி இல்லை.

யார் காசு கொடுப்பது?

புரதத்துக்கே திரும்புவோம். 20-வது குரோமோசோமின் செருகல் இல்லாத பழைய வடிவம் கொரியாவின் ‘தன்பைக்கொங்’ என்ற உயர் புரத ரகத்தில் இருந்தது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் அதை ‘பென்னிங்’ என்ற நல்ல மகசூல் ரகத்துக்குள், சந்ததியைத் திரும்பத் திரும்பப் பென்னிங்கோடே கலந்து, ஏற்றினார்கள். புரதம் கூடியது. 2019-ல் வெளியிட்ட முடிவின்படி மகசூல் பென்னிங்குக்குச் சமமாகவே நின்றது. அதுவரை இந்த இடத்தைத் தொட்டாலே மகசூல் போய்விடும் என்ற பயம் பரவலாக இருந்தது. காட்டு சோயாவிலிருந்து எடுக்கும்போது அந்த மரபணுவோடு பக்கத்தில் இருந்த வேண்டாத துண்டுகளும் ஒட்டிக்கொண்டு வந்ததும் அந்தப் பயத்துக்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். இதனால் செலவுக் கணக்கு பொய்யாகிவிடவில்லை. ஆனால் சில சதவீதப் புள்ளிகள் வரை அதற்குள்ளேயே இடம் இருக்கிறது என்று தெரிகிறது.

தேடுவதற்கு இடமும் இருக்கிறது. வட அமெரிக்க ரகங்களின் மரபில் 95 சதவீதம் வெறும் 35 முன்னோர்களிடமிருந்து வந்தது என்று 1994-ல் கணக்கிட்டார்கள். இல்லினாயின் அர்பானாவில் உள்ள அமெரிக்க விதைக் கிடங்கிலோ சுமார் இருபதாயிரம் வகைகள் கிடக்கின்றன. அவற்றில் சில, அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த டோர்செட், மோர்ஸ் இருவரும் 1929 முதல் 1931 வரை கிழக்கு ஆசியாவில் ஊர் ஊராய் அலைந்து சேர்த்த நாட்டு ரகங்களின் வழி வந்தவை.

அப்படியிருந்தும் உயர் புரத ரகங்கள் வயலை நிரப்பவில்லை. அமெரிக்க விவசாயிக்கு விலை புஷல் கணக்கில், அதாவது 13 சதவீத ஈரத்தில் 60 பவுண்டு எடைக்கு. இந்தூர் மண்டியிலும் ஈரம், தூசி, சொத்தை பார்ப்பார்கள், புரதம் பார்ப்பதில்லை. ஆலைக்காரர் புண்ணாக்கைப் புரத சதவீதத்தை வைத்துத்தான் விற்கிறார், கோழித் தீவனம் கலப்பவர் அதைப் பார்த்துத்தான் வாங்குகிறார். அந்தப் பணம் வரப்பு வரை வந்து சேர்வதில்லை. டோஃபு, நாட்டோ செய்யும் ஜப்பானிய நிறுவனங்கள் ரகம் சொல்லி ஒப்பந்தம் போட்டுக் கூடுதல் விலை தரும் இடங்களில் மட்டும் விவசாயிகள் அந்த ரகங்களை விடாமல் போடுகிறார்கள். மற்ற இடங்களில் பயிர் ஆய்வாளரின் சோதனைப் பட்டியலில் மகசூல்தான் முதல் பத்தி. புரதத்தை அவரும் அளக்கத்தான் செய்கிறார், ரொம்பக் கீழே போய்விடவில்லையே என்று பார்ப்பதற்காக.